தலையணைக்கு என்று சொல்லி வாங்கிய பஞ்சு

என் மேலாளருக்கு மதுரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. எனக்குத் தமிழ் தெரியும் என்பது மட்டும் தெரியும். ஆகவே பினாங்கில் ஒரு திங்கட்கிழமை காலை, என் தே தாரிக் டீ ஆறுவதற்குள், "நீதான் போகிறாய்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் நிறுவனம் பினாங்குத் துறைமுகத்தில் சரக்குக் கிடங்கு நடத்துகிறது. ஒரு நாட்டிலிருந்து வரும் சரக்கை இறக்கி வைத்து, இன்னொரு கப்பலில் ஏற்றி, இன்னொரு நாட்டுக்கு அனுப்புவோம். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் ரொம்பத் துருவியதில்லை. போர் வந்ததும் அரசாங்கம் எல்லாக் கிடங்குக்காரர்களையும் கூப்பிட்டு வைத்து, உங்கள் வழியாகப் போகும் சரக்கு நாளைக்கு யார் தலையில் விழும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து என் மேலாளருக்கு இரத்தக் கொதிப்பு.

அவருடைய சந்தேகப் பட்டியலில் முதலாவதாக நின்றது மதுரைப் பஞ்சு. பருத்தியிலிருந்து பஞ்சைப் பிரித்தெடுத்த பிறகும், கொட்டையில் பூனைக்குட்டியின் மயிர் மாதிரி குட்டையாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டி எடுத்து மூட்டை கட்டுகிறார்கள். வியாபாரிகள் லிண்டர் என்பார்கள். நான் சுணைப்பஞ்சு என்று சொல்லிக்கொள்கிறேன். காகிதத்துக்கு ஆகும், மெத்தைக்கு ஆகும். பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் வெடிமருந்துக்கும் இதுதான் மூலப்பொருள். வாங்குகிறவர் தலையணை செய்யத்தான் என்று சத்தியம் செய்கிறார். ஆனால் போர் தொடங்கியதிலிருந்து அவர் கேட்கும் அளவு மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது. உலகம் அத்தனை நிம்மதியாகவா தூங்குகிறது?

மதுரை விமான நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தவர் பாண்டி. திருநகர்க்காரர், வாடகைக் கார் ஓட்டுகிறார். சரக்கின் சொந்தக்காரரான காதர் பாய் அவரை அனுப்பியிருந்தார். பெட்டியை வாங்கிக் காரில் வைப்பதற்குள் என் வயது, பிள்ளைகள், சர்க்கரை நோய் எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டார்.

"எதுக்குக்கா இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக?"

வெடிமருந்து என்று ஆரம்பித்தால் கார் நேராகக் காவல் நிலையத்துக்குப் போகும். "தலையணை விஷயமா வந்தேன்" என்றேன். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல் என்னைவிட வேகமாக மதுரையைச் சுற்றிவந்தது. மறுநாள் முதல் எனக்குத் 'தலையணை அக்கா' என்று பெயர்.

காதர் பாயின் வீடும் கடையும் காஜிமார் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கின்றன. கீழே கடை, மேலே வீடு. நான் படியில் கால் வைத்ததும் அவர் மனைவி மெகருன்னிசா, "வாங்கக்கா, மொதல்ல பசியாறுங்க" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பினாங்கிலும் நாங்கள் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் சொல்வோம். இந்தியாவில் எங்கே போனாலும் 'டிபன்' என்று கேட்டுக் கேட்டு, இந்தச் சொல் எங்களிடம் மட்டும்தான் மிச்சமிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வந்தன. நான் கேள்வியோடு வாயைத் திறக்கும் போதெல்லாம் இலையில் ஏதாவது விழுந்தது. "பாய், உங்கள் பஞ்சை யார்..." என்றால் இடியாப்பம். "அந்த ஏஜென்ட்..." என்றால் பாயா. விசாரணை செய்ய வருகிறவர்களை வெல்ல இதைவிட நல்ல வழியை எந்த நாட்டு உளவுத்துறையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

கீழே இறங்கியபோது கடையில் ஒரு காட்சி. காதர் பாயும் ஒரு வியாபாரியும் எதிரெதிரே உட்கார்ந்து கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு. கை விடவே இல்லை. இருவர் முகமும் கல் மாதிரி இருந்தது, துண்டு மட்டும் எலி புகுந்த சாக்காய் அசைந்தது.

"பாய், கைரேகை பார்க்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க அத்தா மாட்டுச் சந்தையில தரகு பாத்தவரு மேடம். வாயத் தொறந்து வெல சொன்னா நாலு பேரு காதுல விழும்ல? அதேன் துண்டு. எத்தன வெரலப் பிடிக்கிறமோ அதுதேன் கணக்கு. உள்ளங்கையில கீறுனா பாதி. மூடுன கையக் குடுத்தா யாவாரம் இல்லன்னு அர்த்தம். பஞ்சுக்கு மாறுனப்பறமும் துண்டு கூடவே வந்துருச்சு."

"இப்போது விலையெல்லாம் போனிலேயே தெரிகிறதே?"

"தெரியுது. ஆனா துண்டு போடாமப் பேசுன வெல எனக்கு வெலயாவே தோணாது."

சரக்கை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் கோபிநாத் சென்னைக்காரர். அவரும் இந்த விரல் கணக்கைக் கற்றுக்கொண்டிருக்கிறாராம். அதில் அவருக்குப் பெருமை. வெளிநாட்டில் வாங்குகிறவர் யார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அல்லது அவருக்கும் தெரியாது.

மெகருன்னிசாவுக்கும் விரல் கணக்குத் தெரியும். மாமனாரிடம் கற்றுக்கொண்டாராம். மதியம் துப்பட்டாவுக்கு அடியில் என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். நான் பெரிய ஆள் மாதிரி இரண்டு கோலா உருண்டைக்கு விரல் பிடிப்பதாக நினைத்து ஏதோ செய்ய, இலையில் ஐந்து வந்து விழுந்தன. "யாவாரம்னா யாவாரந்தேன், பேசின பேச்ச மாத்தக் கூடாதுக்கா" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட வைத்தார். அவர் தட்டில் மட்டும் ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, "யாசின் போன் வரட்டும்" என்றார்.

யாசின் அவர்களுடைய ஒரே மகன். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். போர் அந்தக் கடலுக்கும் பரவியதிலிருந்து அங்கே அடிக்கடி அபாயச் சங்கு ஊதுகிறது. தினமும் பிற்பகல் அஸர் தொழுகை நேரம் முடிந்ததும் அழைப்பான். அழைப்பு வந்த பிறகுதான் அந்தத் தாய் மதியச் சோறு சாப்பிடுகிறார். அன்றைக்கு அழைப்பு தாமதமாக வந்தது. அதுவரை அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தார். அன்றைய சமையலுக்கு அவ்வளவு வெங்காயம் தேவையே இல்லை.

மறுநாள் பேரையூர்ப் பக்கம் இருக்கும் பருத்திக்கொட்டை ஆலையைப் பார்க்கப் பாண்டியோடு கிளம்பினேன். திருமங்கலம் தாண்டியதும் ஊர் அகலமாகிவிட்டது. கரிசல் காடு, வேலிக்கருவை, அதற்கு மேலே மிச்சமெல்லாம் வானம். பினாங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையோ கடலோ அடுக்குமாடியோ வந்து கண்ணில் இடிக்கும். இங்கே கண் போய்க்கொண்டே இருந்தது. அதைச் சொன்னபோது பாண்டி, "ஆமக்கா, பாக்குறதுக்குத்தேன் ஒண்ணுமில்லயே" என்றார்.

ஆலைக்கு முன்னால் இருந்த டீக்கடைக்கு என் புகழ் ஏற்கனவே வந்து சேர்ந்திருந்தது.

"தலையணை வாங்க வந்த அக்கா இவுகதானா? கொட்டைப் பஞ்சுலயா தலையணை போடப் போறீக?" என்றார் வடை தின்றுகொண்டிருந்த ஒருவர்.

"அப்படித்தான் சொல்கிறார்கள்."

"எந்தக் கிறுக்குப்பய சொன்னது? இந்தா போடிப் பக்கம் இலவம்பஞ்சு கொட்டிக் கெடக்கு. அத விட்டுட்டு இதப் போயி..." பக்கத்து பெஞ்சிலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொட்டைப் பஞ்சில் படுத்தால் சூடு, கழுத்துச் சுளுக்கு, கெட்ட கனவு எல்லாம் வரும் என்று முடிவாயிற்று. என் மேலாளர் பல மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை அந்த டீக்கடை ஒரு வடைக்குள் தீர்த்துவிட்டது.

ஆலைக்காரர் ராமர் நல்ல மனிதர். ஆலைக்குள் பஞ்சுத் தூசி பறந்து பறந்து எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. பாதி நரைத்த தலையோடு உள்ளே போன நான் முழுக்க நரைத்து வெளியே வந்தேன். கொட்டகைக் கூரைவரை மூட்டை. சுணையை இரண்டு தடவையாகச் சுரண்டி எடுப்பார்கள். முதல் தடவை வருவது கொஞ்சம் நீளம், மெத்தைக்காரர்கள் விரும்புவது. இரண்டாவது தடவை வருவது மாவு மாதிரி குட்டை. தலையணையில் அடைத்தால் கட்டி தட்டிவிடும்; காகிதத்துக்கோ வெடிமருந்துக்கோதான் ஆகும்.

"ஏஜென்டு எது கேட்கிறார்?"

"ரெண்டாவதுதேன். மொத வெட்டு வேணவே வேணாமாம். அழுக்கா இருந்தாலும் பரவாயில்ல, குட்டையா இருக்கணுமாம். கேக்குறவன் கேக்குறதக் குடுக்குறதுதேன யாவாரம்? காதர் பாய் சொன்னாரு, இந்தப் புது மெசின வாங்கிப் போட்டேன்." அவர் இயந்திரத்தைத் தட்டிக்கொடுத்தார், காளையைத் தட்டுவது போல. அதன் மேல் இன்னும் பூமாலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இல்லை.

திரும்பும்போது பாண்டி நேர்வழியில் வராமல் எழுமலைக்குத் திருப்பினார். பழுது பார்த்த மிக்சியை அங்கே தங்கையிடம் கொடுக்க வேண்டுமாம். காரின் பின்பக்கம் முதல் நாள் என் பெட்டி இருந்த இடத்தில் அது உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மிக்சி ஓடியது, கார் நின்றுவிட்டது. ரேடியேட்டரில் ஓட்டை. பாண்டி தங்கை வீட்டிலேயே தங்கிவிட, என்னை மதுரைக்குப் போகும் ஒரு வேனில் ஏற்றிவிட்டார்கள். வேன் முழுக்க மெத்தைகள். ஒலிபெருக்கியில் ஒரு குரல், "இலவம்பஞ்சு மெத்தை, இலவம்பஞ்சுத் தலையணை" என்று உசிலம்பட்டி தாண்டியும் விடாமல் கத்தியது. ஆண்டவன் சில சமயம் ரொம்ப வெளிப்படையாகக் கேலி செய்கிறான்.

அடுத்த நாள் காதர் பாயிடம் சொல்லியாக வேண்டும். அவர் என்னைத் தெருமுனைக்குப் பருத்திப்பால் குடிக்க அழைத்துப் போனார். ஊறவைத்த பருத்திக்கொட்டையை அரைத்துப் பால் பிழிந்து, வெல்லமும் சுக்கும் போட்டுக் காய்ச்சித் தருகிறார்கள். எங்கள் ஊரில் இதற்கு ஈடு கிடையாது. ஒரே கொட்டைதான். உள்ளே இருப்பதைப் பிழிந்தால் பால், மேலே இருப்பதைச் சுரண்டினால் வெடி. இரண்டாவது வாய் குடிக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பினாங்கு வழியாக இது போகாது, நான் தடுத்துவிடுவேன் என்றும் சொன்னேன்.

பாயின் முகம் இறுகியது. "ஒங்க ஊரு இல்லாட்டி இன்னொரு தொறமொகம். ஏஜென்டு வழி கண்டுபிடிச்சிருவாரு. நான் குடுக்காட்டி இன்னொருத்தன் குடுப்பான். அருவா அடிக்கிறவரு, கரும்பு வெட்டவா கழுத்த வெட்டவான்னு கேட்டா விக்கிறாரு?"

"கேட்கமாட்டார் பாய். ஆனால் ஒருவர் கரும்பு வெட்டத்தான் என்று சொல்லிக்கொண்டு, ஊரில் கரும்பே இல்லாத காலத்தில் வண்டி வண்டியாக அரிவாள் கேட்டால்?"

"எங்க நாட்டுச் சரக்கு குண்டா எங்க நாட்டுக்கே திரும்பி வந்துரும்ங்கிறீகளா?"

"எங்கே போகும் என்றே தெரியாது. உங்கள் நாட்டுக்கு வரலாம், என் நாட்டுக்கு வரலாம். அந்தத் துண்டுக்கு அடியில் விலைக்கு விரல் இருக்கிறது. யாருக்கு என்று கேட்க ஒரு விரல் இருக்கிறதா?"

அவருக்குக் கோபம்தான். "ராமரு என் வாக்க நம்பி மெசினு வாங்கிப் போட்டிருக்காரு மேடம். நாளைக்கு அவரு மூஞ்சியில எப்படி முழிக்க?" என்றார் கடைசியில். இருவர் டம்ளரிலும் பால் ஆறி ஆடை கட்டிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பியபோது மெகருன்னிசாவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. இந்தத் தெருவில் தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம். பாய் கீழே கடையில் இருந்தார். மெகருன்னிசா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, அது யாரு கைக்குப் போவும்?"

"தெரியாதும்மா."

"எம்புள்ள இருக்குற பக்கமா வந்து விழுமா?"

விழாது என்று சொல்ல வாயெடுத்தேன். "விழாது என்று சொல்ல எனக்கு வழியில்லை" என்றேன். அவர் துப்பட்டாவுக்கு அடியில் என் கையைப் பிடித்தார். எந்த விரலையும் அழுத்தவில்லை. ரொம்ப நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார்.

கோபிநாத் மறுநாள் மாலை வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மல்லிகைப்பூ சென்ட். அந்தப் பருவத்துச் சரக்கு முழுவதையும் ஒரேயடியாகப் பேசி முடிக்க வந்திருந்தார். நான் பினாங்கிலிருந்து வந்தவள் என்பது அவருக்குத் தெரியாது. கடையின் மூலையில் துப்பட்டாவோடு உட்கார்ந்திருந்த என்னைப் பாய் வீட்டு உறவு என்று எண்ணிக்கொண்டார். போன் வந்ததும் ஆங்கிலத்தில் பேசினார். அவர் பேசியது தமிழில் இப்படி இருக்கும்: "தலையணை என்றே இருக்கட்டும். யாராவது கேட்டால் மருத்துவமனைத் தலையணை என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்குமேல் கேட்க மாட்டார்கள். பினாங்கு முரண்டு பிடித்தால் வேறு வழி பார்ப்போம்."

பாய்க்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. என் முகத்தைப் பார்த்தார். அது போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன். ஆனாலும் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார்.

கை உள்ளே போனது. கோபிநாத் உற்சாகமாகத் துண்டை அசைத்தார். அந்த நேரம் பார்த்துப் பாயின் போன் அடித்தது. யாசின். பாய் இடது கையால் போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். வலது கை துண்டுக்குள்ளேயே இருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் அத்தா."

"வஅலைக்கும் சலாம். சாப்புட்டியாடா?"

"சாப்புட்டேன். இன்னிக்கும் சங்கு ஊதுச்சு. எல்லாரும் கீழ எறங்கிட்டோம். ஒண்ணுமில்லத்தா, அம்மாட்டச் சொல்லாதீங்க."

"சரிடா. கிரேன்ல ஏறையில பாத்து ஏறு. தண்ணி குடி."

அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது கோபிநாத்தின் முகம். அசைந்துகொண்டிருந்த துண்டு நின்றுவிட்டது. அவர் புரியாமல் துண்டைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், மறுபடி உள்ளே எதையோ தேடுகிற மாதிரி துழாவினார். விலையை ஏற்றிக்கொண்டே போயிருக்க வேண்டும். நெற்றி வியர்த்தது. பாய் மகனிடம் அந்த ஊர்ச் சாப்பாட்டில் உப்பு அதிகமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். போனை வைத்த பிறகுதான் துண்டை எடுத்தார். அவர் வலது கை மூடியிருந்தது, நகம் வெளுக்கும் அளவுக்கு.

"வெல படியலண்ணே" என்றார் கோபிநாத்திடம், மரியாதையாக. "டீ சாப்புடுறீகளா?"

கோபிநாத் டீ சாப்பிடவில்லை. அவர் போனதும் பாய் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "நான் குடுக்காட்டி இன்னொருத்தன் குடுப்பான் தங்கச்சி. குடுக்கட்டும். நான் குடுத்ததா இருக்கக் கூடாது." அதுவரை மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் முதல் தடவையாகத் தங்கச்சி என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பஞ்சுத் தூசி என்று சமாளித்தேன்.

அன்றைக்கே ராமருக்குத் தகவல் சொன்னார். எதிர்முனையில் ராமர் போட்ட சத்தம் எந்தத் துண்டு போட்டும் மூட முடியாதது. பாய் முழுவதையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். காலையில் நேரிலேயே பேரையூருக்குப் போனார். இனி முதல் வெட்டு மட்டும் போதும், மெத்தைக்காரர்களை நானே பிடித்துத் தருகிறேன் என்று பேசி வந்திருக்கிறார். கட்டி வைத்த மூட்டைகளை, பாய் நேரில் பார்த்துப் பழகிய ஒரு காகித ஆலைக்காரர் வந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறாராம். ராமர் இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் பேசாமலே டீ வாங்கிக் கொடுத்தார் என்று பாண்டி சொன்னார்.

நான் கிளம்பும்போது மெகருன்னிசா ஒரு துணிமூட்டையைக் கொண்டுவந்து கையில் வைத்தார். தலையணை. பூப்போட்ட உறை, கையால் தைத்தது. "ராமரண்ணன் ஆலைச் சரக்குக்கா, ரெண்டாவது வெட்டு. தலையணைக்குன்னு சொல்லித்தான வாங்குனாங்க? ஒண்ணாச்சும் தலையணையா ஆகட்டுமேன்னு தச்சேன்." கல் மாதிரி கனத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

பினாங்கு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதை அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். உள்ளே என்ன என்று மலாய் மொழியில் கேட்டார். பஞ்சு என்றேன். எதற்கு என்றார். என் உத்தியோகத்தில் இத்தனை வருடமாக நான் எல்லோரிடமும் கேட்க மறந்த கேள்வி. தூங்குவதற்கு என்றேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் விட்டுவிட்டார்.

போர் இன்னும் நடக்கிறது. யாசின் இன்னும் அங்கேதான் கிரேன் ஓட்டுகிறான். அவன் அழைப்பு வந்ததும் மெகருன்னிசா எனக்கு ஒரு வரி அனுப்பிவிட்டுச் சோற்றில் கை வைக்கிறார். அந்த வரி வந்த பிறகுதான் நானும் படுக்கப் போகிறேன். டீக்கடையில் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தத் தலையணையில் சூடு, கழுத்துச் சுளுக்கு எல்லாம் இருக்கிறது. தூக்கம் மட்டும் நன்றாக வருகிறது.